ஏழு ஆழ்துளைகளும் ஒரு பழைய நகரமும்: ஷ்டௌஃபன் நிகழ்வு ஆய்வு

தென்மேற்கு ஜெர்மனியில் உள்ள ஷ்டௌஃபன் நகரத்தின் நகரமன்றம் 1546-இல் கட்டப்பட்டது. அதைப் புதுப்பித்தபோது, நிலத்தடி வெப்பத்தைக் கொண்டு கட்டடத்தைச் சூடேற்றவும் குளிர்விக்கவும் முடிவு செய்து, 2007 செப்டம்பரில் கட்டடத்தின் பின்புறம் ஏழு ஆழ்துளைகள் போட்டார்கள். ஆழம் 140 மீட்டர் வரை. சில வாரங்களில் சுற்றியிருந்த சுவர்களில் விரிசல் விழுந்தது. பத்தாண்டு கடந்தபோது பழைய நகரத்தின் நடுப்பகுதி 60 சென்டிமீட்டருக்கும் மேல் உயர்ந்திருந்தது. சேதமான கட்டடங்கள் சுமார் 270. இதில் சம்பந்தப்பட்டவர்களின் பெயர்கள் இங்கே தேவையில்லை. தேவையானது நடந்ததன் வரிசை, எடுத்த முடிவுகள், அவற்றின் காரணம்.

பின்னணி: மேலே இருந்த நகரம்

ஃப்ரைபுர்க்குக்குத் தெற்கே, கருங்காட்டு மலைகள் ரைன் சமவெளியில் இறங்கும் விளிம்பில், ம்யூன்ஸ்டர்டால் பள்ளத்தாக்கின் வாயிலில் இருக்கிறது ஷ்டௌஃபன். மக்கள் தொகை சுமார் 8,000. திராட்சைத் தோட்டம் போர்த்திய ஒரு குன்று, அதன் உச்சியில் இடிந்த கோட்டை, கீழே சந்தைச் சதுக்கம், அதில் நீரூற்று, ஒரு பக்கம் நகரமன்றம். பக்கத்திலேயே 1407 முதல் அறியப்படும் 'சிங்கம்' விடுதி. மந்திரவாதி ஃபௌஸ்டை 1539-இல் பிசாசு கழுத்தை முறித்துக் கொன்றது இங்கேதான் என்று அந்த விடுதிச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஊரின் செல்வத்துக்கு மூலம் வெள்ளி. பேரரசர் இரண்டாம் கொன்ராட் 1028-இல் பிரைஸ்கௌ பகுதி வெள்ளிச் சுரங்கங்களைப் பாசல் ஆயருக்கு வழங்கினார். 1602-இல் வாரிசின்றி முடிந்த ஷ்டௌஃபன் பிரபுக்களின் அதிகாரத்துக்கும் பள்ளத்தாக்கின் சுரங்கங்களே அடிப்படை. ம்யூன்ஸ்டர்டாலின் டாய்ஃபல்ஸ்க்ரண்ட் சுரங்கம் 1958 வரை இயங்கியது. 1970 முதல் பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கிறது. ஆக, ஆயிரம் ஆண்டுகளாகப் பூமியைத் துளைத்துப் பழகிய வட்டாரம் இது.

ஆனால் அந்தப் பழக்கம் ஊருக்கு அடியில் செல்லாது. சுரங்கங்கள் குடைந்த மலை நைஸ் பாறை. கெட்டியானது, தண்ணீர் பட்டாலும் அளவு மாறாதது. ரைன் பள்ளத்தின் முதன்மைப் பிளவு ஊரை ஒட்டிப் போகிறது. அதன் மேற்குப் பக்கத்தில் படிவுப் பாறைகள் உடைந்து, சரிந்து, படிக்கட்டுபோல் இறங்கிக் கிடக்கின்றன. சில நூறு மீட்டர் தள்ளிப் போட்ட துளையில் கிடைத்த அடுக்கு இங்கே அதே ஆழத்தில் இருக்கும் என்று எண்ண முடியாது. அந்த அடுக்குகளில் ஒன்றுதான் கிப்ஸ்கொய்ப்பர், அதாவது ஜிப்சமும் அதன் நீரற்ற வடிவமான அன்ஹைட்ரைட்டும் கலந்த களிப்பாறை.

கட்டடங்களையும் கவனிக்க வேண்டும். வரிசை வீடுகள், பக்கச் சுவரைப் பகிர்பவை. கீழே சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய கல், மேலே பல வீடுகளில் மரச் சட்டம். ஒரே சீராக உயர்ந்தால் இப்படிப்பட்ட கட்டடம் தாங்கிவிடும். ஒரு முனை மட்டும் உயர்ந்தால் தாங்காது. கட்டுமானத் துறையில் பழகிய அளவுகோல் இது: 300-க்கு 1 என்ற கோண வேறுபாட்டில் பூச்சும் சுவரும் வெடிக்கும், 150-க்கு 1 ஆனால் கட்டடத்தின் உறுதியே குலையும். 10 மீட்டர் அகல வீட்டுக்கு இவை முறையே 33, 67 மில்லிமீட்டர்.

2007 செப்டம்பர்: துளையிடல்

திட்டம் நல்ல நோக்கத்தோடு வந்தது, அன்று அது வழக்கமான ஒன்றும்கூட. புராதனக் கட்டடத்தின் கூரையில் சூரியத் தகடு பதிக்க முடியாது, புகைபோக்கி சேர்க்க முடியாது. நிலவெப்பக் குழாய் கண்ணுக்கே தெரியாது. ஆழ்துளைக்குள் பாலித்தீன் குழாய்களை இறக்கி, அவற்றில் திரவத்தைச் சுழலவிட்டு, வெப்ப பம்ப் மூலம் சூட்டை எடுப்பதுதான் முறை. அந்தத் திரவம் மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றுகிறது. நிலத்தடி நீரைத் தொடுவதில்லை. 'இதனால் நிலத்துக்கு என்ன ஆகிவிடப் போகிறது' என்ற நினைப்பு அங்கிருந்தே வருகிறது.

ஆபத்து குழாய்க்குள் இல்லை, குழாயைச் சுற்றி இருக்கிறது. இத்தகைய துளைகளுக்கு வழக்கமான அளவுகளை எடுத்துக்கொள்வோம்: துளையின் விட்டம் 150 மில்லிமீட்டர், உள்ளே 32 மில்லிமீட்டர் குழாய்கள் நான்கு, ஆழம் 140 மீட்டர். துளையின் மொத்தக் கொள்ளளவு சுமார் 2,470 லிட்டர். குழாய்கள் அடைப்பது 450 லிட்டர். மீதி 2,020 லிட்டரையும் சிமென்ட்–பெண்டோனைட் (நீரில் வீங்கும் களிமண்) கலவையால் அடியிலிருந்து மேலாக நிரப்ப வேண்டும். ஏழு துளைக்கு 14,000 லிட்டருக்கு மேல். இதில் ஒரு கோடு விட்டுப்போனாலும் போதும், 140 மீட்டர் நீளத்துக்கு ஒரு செங்குத்து வாய்க்கால் உருவாகிவிடும்.

விட்டுப்போக வழிகள் பல. இறக்கும்போது குழாய்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் நடுவில் கலவை புகாது. நிரப்புக் குழாயைச் சீக்கிரம் மேலே இழுத்தால் கலவை துண்டாகும். பிளவுள்ள பாறையில் கலவை பக்கவாட்டில் ஓடிவிடும். இரண்டு மடங்கு ஊற்றியும் வாய்வரை நிறையாத துளைகள் உண்டு. சாதாரண சிமென்ட் என்றால், சல்பேட் நிறைந்த நீரில் பல ஆண்டுகளில் அரிக்கப்படும்.

இவற்றைவிடக் கள்ளத்தனமான வழி ஒன்று உண்டு. கீழே அழுத்தத்தோடு நீர் இருக்கும் இடத்தில், ஈரக் கலவையின் எடை முதலில் அந்த நீரை அடக்கி வைக்கும். அடர்த்தி 1.5 என்றால் 140 மீட்டர் கம்பம் அடியில் ஏறக்குறைய 21 பார் அழுத்தம் தரும். அதே உயரத் தண்ணீர் தருவது 14 பார். ஆனால் கலவை இறுகத் தொடங்கியதும் துளைச் சுவரைப் பிடித்துக்கொள்கிறது. அடியில் அழுத்தம் குறைகிறது. இன்னும் கல்லாகாத அந்தச் சில மணி நேரத்தில் கீழ்நீர் தனக்கு ஒரு மெல்லிய வழி அறுத்துக்கொள்ளும். மேலிருந்து பார்ப்பவருக்குத் துளை நிரம்பியே தெரியும்.

கவனித்தவை

துளையிட்ட சில வாரங்களில், 2007 முடிவதற்குள், நகரமன்றத்திலும் அக்கம்பக்கத்திலும் முதல் விரிசல்கள் தெரிந்தன. தொடக்கத்தில் அவை மயிரிழை விரிசல்கள். பிறகு விரல் நுழையும் அளவு. கதவுகள் நிலையில் சிக்கின.

சுவர் வெடித்தால் தரை இறங்கியிருக்கும் என்றுதான் முதலில் தோன்றும். தண்ணீர் உறிஞ்சிய இடங்களிலும் சுரங்கப் பகுதிகளிலும் அப்படித்தான் நடக்கும். மட்டமளவு எடுத்தபோது, அதாவது நிலத்தின் உயரத்தைக் கருவியால் அளந்தபோது, நேர்மாறாக இருந்தது: நிலம் மேலே வந்துகொண்டிருந்தது. விரிசலின் வடிவமும் இதையே சொல்லும். நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழும் நிலத்தில் நிற்கும் சுவர், வில்லாக வளைவதால் மேல்பகுதியில் அகலமாகவும் கீழே குறுகலாகவும் பிளக்கும். இறங்கும் பள்ளத்தின் நடுவில் இது தலைகீழாக இருக்கும். பழைய கட்டடங்களைப் பார்ப்பவர் அளவு கருவி வருவதற்கு முன்பே இதைக் குறித்துக்கொள்ளலாம்.

மட்டமளவுப் புள்ளிகளைத் தொடர்ந்து அளந்தார்கள். பின்னாளில் செயற்கைக்கோள் ரேடார் படங்களும் சேர்ந்தன. உயரும் பரப்பு ஏறத்தாழ 280 மீட்டர் நீளம், 180 மீட்டர் அகலம். அதன் உச்சி ஆழ்துளைகள் இருந்த இடத்தை ஒட்டியே. உச்சகட்ட வேகம் மாதத்துக்கு 11 மில்லிமீட்டர் அளவு. நிலம் மேலே மட்டும் போகவில்லை. பக்கவாட்டிலும் பல சென்டிமீட்டர் நகர்ந்தது. சுவரை இழுத்துப் பிய்த்ததில் இந்தப் பக்கவாட்டு நகர்வுக்கும் பெரிய பங்கு உண்டு.

காரணம்

துளைகள் மூன்று அடுக்குகளை இணைத்துவிட்டன. அடியில் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் இருந்த சுண்ணாம்புப் பாறை அடுக்கு, அதன்மேல் கிப்ஸ்கொய்ப்பர், அதற்கும் மேல் இளம் படிவுகள். சுமார் 60 முதல் 100 மீட்டர் ஆழத்தில் இருந்த அன்ஹைட்ரைட் பகுதி அதுவரை வறண்டே இருந்தது. முழுமையாக அடைபடாத துளை ஓரங்களின் வழியே கீழ்நீர் ஏறி அதை எட்டியது.

அன்ஹைட்ரைட் என்பது நீரற்ற கால்சியம் சல்பேட். தண்ணீர் சேர்ந்தால் ஜிப்சம் ஆகும். கணக்கு எளிது: 136 கிராம் அன்ஹைட்ரைட் 36 கிராம் நீரை எடுத்து 172 கிராம் ஜிப்சம் ஆகிறது. ஒரு கன மீட்டர் அன்ஹைட்ரைட்டுக்கு 0.78 கன மீட்டர் தண்ணீர் வேண்டும். கிடைப்பது சுமார் 1.6 கன மீட்டர் ஜிப்சம். அதாவது திடப்பொருள் 60 சதவீதம் பருக்கிறது.

இதில் பலர் தவறவிடும் ஒரு நுணுக்கம் உண்டு. பாறையையும் தண்ணீரையும் சேர்த்துக் கூட்டினால் 1.78, விளைவதோ 1.6. மூடிய இடத்தில் ஏற்கெனவே உள்ள நீரோடு வினை நடந்தால் மொத்த அளவு கூடுவதில்லை. வெளியிலிருந்து நீர் வந்துகொண்டே இருந்தால்தான் நிலம் உயரும். ஆகவே கேள்வி 'அன்ஹைட்ரைட் இருக்கிறதா' என்பதோடு நிற்காது. 'அதற்கு யார் தண்ணீர் கொண்டுவருகிறார்கள்' என்பதே முதன்மையானது. ஷ்டௌஃபனில் நோயும் மருந்தும் இந்த ஒரு வரியில் இருந்தன.

சுரங்கவழிப் பொறியாளர்களுக்கு இது புதிதல்ல. ஷ்டுட்கார்ட்டின் வாகன்புர்க் சுரங்கவழியும் லியோன்பெர்க் அருகே உள்ள எங்கல்பெர்க் சுரங்கவழியும் இதே பாறையின் வீக்கத்தால் அடித்தளம் தூக்கிச் சிரமப்பட்டவை. அந்த அறிவு ஒரே மாநிலத்துக்குள், சுரங்கவழித் துறையிலிருந்து வெப்ப பம்ப் துறைக்குப் போய்ச் சேரவில்லை.

எடுத்த முடிவுகள்

முதல் கேள்வி, அதே இடத்தில் மறுபடி துளைபோடலாமா என்பது. துளையால் வந்த வினை. இன்னொரு துளை இன்னொரு வாய்க்காலாகலாம். ஆனாலும் எந்த அடுக்கு, எந்த ஆழம், எந்த அழுத்தம் என்று தெரியாமல் வைத்தியம் இல்லை. மாநில நிலவியல் துறை பாறை மாதிரி எடுக்கும் ஆய்வுத் துளைகளைப் போட்டது. அவற்றின் அடிப்படையில் 2010-இலும் 2012-இலும் அறிக்கைகள் வந்தன. ஆபத்தை அறிந்தே எடுத்த முடிவு அது. சரியான முடிவு என்பதே எங்கள் கணிப்பு. ஆய்வுத் துளையே பின்னால் நீர் இறைக்கும் கிணறாகவும் பயன்பட்டது.

இரண்டாவது, பழைய ஏழு துளைகளைச் சுற்றிய வெற்றிடங்களை 2009-இல் அடைத்தது. நீர் ஏறும் வழியை அடைப்பது அவசியம்தான், ஆனால் அது மட்டும் போதாது. ஏற்கெனவே ஏறிய நீர் பாறைக்குள் இருக்கிறது. அது தீரும்வரை வினை தொடரும். வீங்கிய பாறை புதிய பிளவுகளையும் திறந்துவிடுகிறது, நீருக்கு மேலும் வழி கிடைக்கிறது. அடைப்பின் தரத்தை மேலே நின்று முழுதாகச் சோதிக்கவும் முடியாது.

மூன்றாவதே நிலைமையைத் திருப்பியது: 2009 நவம்பரில் தொடங்கிய தொடர் நீர் இறைப்பு. வீங்கும் அடுக்குக்குக் கீழே நீரின் அழுத்தமட்டத்தை இறக்கிவிட்டால், மேலே ஏற நீருக்கு உந்துதல் இல்லை. பின்னர் இறைக்கும் திறனையும் கூட்டினார்கள். எரிசக்தியை மிச்சம் பிடிக்கத் தொடங்கிய திட்டம், ஓயாமல் மின்சாரம் தின்னும் பம்ப்புகளில் வந்து நின்றது; அதற்கு மாற்றும் இல்லை.

நான்காவது முடிவு வீட்டுக்காரர்களுக்குக் கசப்பானது: நிலம் அடங்கும்வரை முழுச் சீரமைப்பு வேண்டாம். நகரும் சுவரில் விறைப்பான சிமென்ட் பூசினால் அடுத்த விரிசல் பூச்சை விட்டுக் கல்லைப் பிளக்கும். அதனால் இடைக்கால வேலை மட்டும்: எதிரெதிர்ச் சுவர்களை இழுத்துப் பிடிக்கும் எஃகுக் கம்பிகள், வளைவுகளுக்கு மர முட்டு, மழைநீர் புகாமல் விரிசலில் நெகிழும் அடைப்பு, கதவின் அடியைச் சீவுதல். இந்த நிலையில் மண்ணுக்குள் புதைந்த குழாய்களுக்கே அதிகக் கவனம் தேவை. எரிவாயுக் குழாயின் விறைப்பான இணைப்பு உடைந்தால் விபத்து. கழிவுநீர்க் குழாய்க்குச் சரிவு பொதுவாக மீட்டருக்கு 10 மில்லிமீட்டர் என்றால், நிலம் மீட்டருக்கு 6 மில்லிமீட்டர் எதிர்ப்பக்கம் சாய்ந்ததும் பாதிக்கு மேல் போய்விடும். குடிநீர்க் குழாய் கசிந்தால் இன்னும் மோசம்: நீரே எதிரியான இடத்தில் புதிய நீர்.

இழப்பீட்டில், ஒவ்வொருவரும் நீதிமன்றம் போவதற்கு முன்னால் சமரச ஏற்பாட்டின் வழியாகச் சேதத்தை மதிப்பிட்டுப் பணம் தரும் முறை வகுக்கப்பட்டது. மொத்தச் சேதம் 5 கோடி யூரோவைச் சுற்றி மதிப்பிடப்பட்டது. சுமையை மாநிலமும் உள்ளாட்சிகளின் பொது நிதியும் நகரமும் பங்கிட்டன. ஷ்டௌஃபன் அளவிலான ஊர் தனியாகத் தாங்கக்கூடிய தொகை அல்ல அது. 'ஷ்டௌஃபன் உடைந்துவிடக் கூடாது' என்ற வாசகம் ஊரின் முழக்கமாகி, விரிசல் விழுந்த சுவர்களின் மேலேயே ஒட்டப்பட்டது. விரிசலைத் திரைபோட்டு மறைக்காமல் காட்டியது ஊருக்கு ஆதரவையும் நன்கொடையையும் கொண்டுவந்தது.

விளைவு

நீர் இறைப்பு தொடங்கிய பின் உயரும் வேகம் படிப்படியாகக் குறைந்தது. மாதம் 11 மில்லிமீட்டராக இருந்தது சில ஆண்டுகளில் 2 மில்லிமீட்டரைத் தொட்டு, அதற்குப் பின்னும் இறங்கியது. ஆனால் கூட்டுத்தொகை நிற்கவில்லை. உச்சிப் புள்ளியில் உயர்வு 60 சென்டிமீட்டரைத் தாண்டியது. உச்சியிலிருந்து விளிம்பு வரை சுமார் 100 மீட்டர் என்று வைத்தால் சராசரிச் சரிவே சுமார் 167-க்கு 1. சராசரியே மேலே சொன்ன அபாய எல்லையை ஒட்டி நிற்கிறது. சில வீடுகளுக்கு அதைவிட மிக மோசம். வேகம் தணிந்த ஓரப் பகுதிகளில் வீடுகளைச் சீரமைக்க முடிந்தது. காப்பாற்ற முடியாத சிலவற்றை இடித்தார்கள். நகரமன்றத்தின் அருகே இருந்த நகராட்சிக் கட்டடமும் அதில் ஒன்று. நகரமன்றம் நிற்கிறது.

பம்ப்புகளை ஏன் நிறுத்த முடியாது என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு. வீங்கும் அடுக்கின் தடிமன் சுமார் 40 மீட்டர். உயர்ந்தது 0.6 மீட்டர், அதாவது தடிமனில் 1.5 சதவீதம். முழுதும் அன்ஹைட்ரைட்டாக இருந்து முழுதும் மாறினால் 60 சதவீதம். பாறையில் களியும் கலந்திருக்கிறது, ஒரு பகுதி ஏற்கெனவே ஜிப்சம், வீக்கம் பக்கவாட்டிலும் பிளவுகளுக்குள்ளும் போகிறது என்றெல்லாம் கழித்தாலும், மாறாமல் மிச்சமிருப்பதே அதிகம்.

இது தனி நிகழ்வும் அல்ல. ஷ்டுட்கார்ட் அருகே போப்ளிங்கனில் இதே பாறையில் போட்ட நிலவெப்பத் துளைகளால் சுமார் 200 வீடுகள் பாதிக்கப்பட்டது 2013-இல் வெளிப்பட்டது. பிரான்சின் லோக்வில்லர் கிராமத்தில் ஒரே ஒரு வீட்டுக்குப் போட்ட துளை பல வீடுகளைத் தூக்கியது.

மாறியவையும் மாறவேண்டியவையும்

ஷ்டௌஃபன் அடங்கிய பாடன்–வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2011-இல் நிலவெப்பத் துளைகளுக்குத் தர விதிமுறைகளைக் கொண்டுவந்தது. அவற்றின் முதுகெலும்பு ஒரு எளிய விதி: துளையிடும்போது ஜிப்சமோ அன்ஹைட்ரைட்டோ முதலில் தென்பட்ட இடத்தில் நிறுத்த வேண்டும். 140 மீட்டர் என்று வரைபடத்தில் எழுதியிருந்தாலும் 45 மீட்டரில் வெண்துகள் வந்தால் 45-இலேயே முடிந்தது. குறையும் வெப்பத்துக்குக் கூடுதல் ஆழமற்ற துளைகளைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். இந்த விதியைக் கடைப்பிடிப்பது துளை இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பவரின் கையில் இருக்கிறது. காற்றால் துகள் வெளியேற்றும் துளையிடலில் தூள் கலங்கிப் பல மீட்டர் தாமதமாக வரும். ஒவ்வொரு மீட்டருக்கும் மாதிரி எடுத்துக் கழுவிப் பார்க்காவிட்டால் அடுக்கைக் கடந்த பிறகே தெரியும்.

கலவையின் அடர்த்தியையும் அளவையும் கருவி தானாகப் பதிவு செய்வது இன்னொரு மாற்றம். 2,020 லிட்டர் போக வேண்டிய துளையில் 1,700-இல் வாய் நிறைந்தால் உள்ளே வெற்றிடம். 4,000 போயும் நிறையாவிட்டால் எங்கோ ஓடுகிறது. இரண்டிலும் வேலை நிற்க வேண்டும். தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே இழப்பீடு தரும் காப்பீடும் கேட்கப்படுகிறது. ஷ்டௌஃபன்வாசிகள் காத்திருந்த ஆண்டுகளைப் பார்த்தால் அதன் அருமை தெரியும்.

பழைய நகரங்களுக்கென்று நாங்கள் கூடுதலாகக் கேட்பது இரண்டு. துளையிடுவதற்கு முன் குறைந்தது 100 மீட்டர் சுற்றுவட்டத்தில் உள்ள கட்டடங்களின் விரிசல்களைப் படமெடுத்து, மட்டமளவுப் புள்ளிகள் பதித்து, முதல் அளவைப் பதிவு செய்துவிட வேண்டும். 500 ஆண்டுச் சுவரில் விரிசல் இல்லாமல் இருக்காது. எது பழையது, எது புதியது என்ற தகராறுக்கு வேறு மருந்தில்லை. அடுத்து, அழுத்த நீர் தென்பட்டால் அன்றே துளையிடலை நிறுத்தி, எடை கூடிய, சல்பேட் தாங்கும் கலவையால் அந்தத் துளையை அடியிலிருந்து மூடிவிட வேண்டும். மீதித் துளைகளை அன்று போடக் கூடாது. ஏழில் முதல் துளையோடு வேலையை நிறுத்தினால், பிழை நேர்ந்திருந்தாலும் தேடி அடைக்க வேண்டியது ஒரே ஒரு வாய்க்கால்தான்.